பித்தப்பைக் கல்: வயிற்றைத் திறப்பதா, துளை போடுவதா?

கல் உள்ள பித்தப்பையை அகற்றும் இந்த இரண்டு முறையும் ஜெர்மனியில் பிறந்தவை. வயிற்றைத் திறந்து பித்தப்பையை முதலில் அகற்றியவர் கார்ல் லாங்கன்பூக், 1882இல். லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியே வயிற்றுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாக முதலில் எடுத்தவர் எரிக் மூஹே, 1985இல். அப்போது அவரைச் சக மருத்துவர்கள் சரியாக மதிக்கவே இல்லை.

நோயாளிக்கு எது சௌகரியம் என்று யோசிக்கவே வேண்டாம், துளைதான். பெரும்பாலும் நான்கு சிறு துளைகள், மறுநாளே வீடு. திறந்த முறையில் வலது விலாவுக்குக் கீழே நீளமான வெட்டு. இருமினாலே வலிக்கும், வேலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். துளை முறையிலும் ஒரு வேடிக்கை உண்டு: வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடால் அப்புறம் தோள்பட்டை வலிக்கும்!

அறுவை மருத்துவருக்குக் கணக்கு வேறு. துளை முறையில் திரையைப் பார்த்தபடி நீளக் கருவிகளை இயக்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்க்க வழியில்லை. வீக்கம் அதிகமாகி, பித்தநீர் செல்லும் குழாயான பித்தநாளம் எது என்றே தெரியாவிட்டால்? பல நேரம் வயிற்றைத் திறப்பதே பாதுகாப்பு. அது தோல்வி அல்ல. ஆனால் இன்று பயிற்சியில் இருப்பவர்களுக்குத் திறந்த முறையைச் செய்து பழகும் வாய்ப்பு குறைவு. எனக்கு உறுத்துவது இதுதான்.