பரஸ்பர சம்மதமா, வழக்காடிப் பிரிவதா?

'பேசி முடிப்போமா, கேஸ் போடலாமா' என்று விவாகரத்து விஷயத்தில் தவிப்பவர்களுக்காக, இந்து திருமணச் சட்டம் 1955-ஐ வைத்து ஒரு ஒப்பீடு.

காரணம்
சம்மத மனு (பிரிவு 13பி): ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை.
வழக்கு (பிரிவு 13): கொடுமை, இரண்டாண்டு கைவிட்டுப் போனது போன்ற காரணத்தைச் சொன்னால் போதாது, சாட்சியோடு நிரூபிக்க வேண்டும்.

காலம்
சம்மதம்: முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே குறைந்தது 6 மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் அந்தக் காத்திருப்பை விலக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.
வழக்கு: குறுக்கு விசாரணை, வாய்தா, பிறகு மேல்முறையீடு. வக்கீல் ஃபீஸும் கூடவே நீளும்.

குழந்தை
சம்மதம்: குழந்தை யாரிடம் வளரும் (கஸ்டடி), மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம், படிப்புச் செலவு யாருடையது என்று நீங்களே எழுதித் தரலாம். 'வாரம் ஒருமுறை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். கிழமை, நேரம், பள்ளி விடுமுறை வரை எழுதுங்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.
வழக்கு: நீதிபதி குழந்தையின் நலனைப் பார்த்து முடிவு செய்வார்.
எந்த வழியிலும் கஸ்டடி உத்தரவு நிரந்தரமல்ல. நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம்.

ஒரு சிக்கல்: தீர்ப்புக்கு முன் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் 13பி மனு அங்கேயே நிற்கும்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை இருந்தால் 13பி. அடி, மிரட்டல் இருந்தாலோ, துணை வரவே மறுத்தாலோ வழக்குதான். வழக்கு நடக்கும்போதே பிரிவு 24-இல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், கணவரும்கூட.