உவமையும் உருவகமும் கற்பிக்கும் அட்டைப் பெட்டி: ஒரு மதிப்பீடு

தரம் 4 முதல் 6 வரையான பிள்ளைகளுக்கு உவமையையும் உருவகத்தையும் கற்பிப்பதற்கென வெளிவந்துள்ள அட்டைப் பெட்டியொன்றை யாழ் நகரப் புத்தகக் கடையொன்றில் வாங்கி, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து மாலை வகுப்பில் ஒரு தவணை முழுவதும் பயன்படுத்தினேன். இவ்வகைப் பொருள்களிற் பல பரீட்சை வினாக்களையே தடித்த தாளில் அச்சிட்டுத் தருவன. இதன் முதற்பகுதியோ பிள்ளைகளோடு நெருங்கிப் பழகிய ஒருவரின் கையால் ஆனது என்று துணிந்து சொல்வேன்.

அப்பகுதியின் ஒவ்வோர் அட்டையிலும் ஒப்பிடப்படும் பொருளும் ஒப்பாகக் காட்டப்படும் பொருளும் மட்டுமே உள்ளன; இரண்டும் எதில் ஒத்திருக்கின்றன என்பதைப் பிள்ளையே கண்டு சொல்ல வேண்டும். அதற்குத் துணையாக அட்டையின் நான்கு மூலைகளிலும் நான்கு நிறங்கள். செயலால் ஒப்பு, பயனால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு என்று அவை பொருள்படும். வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியம் உவமவியலில் வகுத்த அதே நான்குதான் இவை. நூற்பாவையோ நூற்பெயரையோ பிள்ளையின் தலையில் ஏற்றாமல், புலி போலப் பாய்ந்தான், மாரி போல வழங்கினான் என்ற எளிய தொடர்களாலேயே அந்தப் பாகுபாட்டை உணர வைத்திருப்பது பாராட்டுக்குரியது. அட்டைகளைப் பார்த்துப் பழகிய பின், தரம் 5 மாணவன் ஒருவன், “மாமாவின் தாடி கருக்கு மட்டை போலக் குத்தும்” என்று தானாகவே ஒன்றைச் சொன்னான். அதை எந்த மூலையில் வைப்பது என்பதில் வகுப்பு இரண்டுபட்டது. பனை மட்டையின் ஓரத்துப் பற்களைப் போல மயிர் நீட்டிக்கொண்டிருப்பதால் வடிவம் என்றனர் சிலர்; குத்துவது செயலல்லவா என்றனர் மற்றையோர். இரண்டு விடைகளும் சரியானவையே. ஓர் உவமை ஒன்றுக்கு மேற்பட்ட தன்மைகளால் அமையலாம் என்பதை விரிவுரையாகச் சொல்லியிருந்தால் இத்தனை தெளிவாகப் பதிந்திராது.

‘போன்ற’ முதலிய சொல் மறைந்து நிற்கும் உவமைத்தொகைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் இணைப்பு அட்டைகளும் நன்றாகவே உள்ளன. ‘மதி’, ‘முகம்’ என்ற இரு துண்டுகளை மதிமுகம் என்று பொருத்தினால் நடுவில் ‘போன்ற’ என்ற சிறு துண்டைச் செருக இடமிருக்கிறது. முகமதி என்று மாற்றிப் பொருத்தினால் அந்தத் துண்டு பொருந்தாது. ‘ஆகிய’ என்ற துண்டுதான் பொருந்தும். முன்னையதில் முகம் மதியைப் போன்றது, பின்னையதில் முகமே மதி என்பது கைக்கே புலப்பட்டுவிடுகிறது. மேல் வகுப்புகளிலும் பல மாணவர் தடுமாறும் இடம் இது.

இத்தனை கவனத்தோடு தொடங்கிய பெட்டி, பயிற்சி அட்டைகளில் தன் வழியைத் தானே கைவிட்டிருப்பது வருத்தமளிக்கிறது. அங்கே ‘போல’ என்ற சொல் எங்கு வந்தாலும் சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் உவமையைக் கண்டுபிடித்ததாகப் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். இதன் விளைவைச் சோதிப்பதற்காக, “மழை வரும்போலக் கிடக்கு” என்று நாம் அன்றாடம் பேசும் தொடரைப் பலகையில் எழுதினேன். வகுப்பிற் பாதிப்பேர் அதனை உவமை என்றே குறித்தனர். அத்தொடரில் ஊகம் இருக்கிறதேயன்றி ஒப்புமை இல்லை. “அண்ணாவைப் போல நானும் நல்லூருக்குப் போனேன்” என்பதும் அணியாகாது. ‘போல’ போன்ற உவம உருபைத் தேடப் பழகிய பிள்ளை உருபு மறைந்த இடத்தில் உவமையைத் தவறவிடும். உருபு வந்த இடமெல்லாம் உவமையைக் காணும். எதில் ஒப்பு என்ற முதற்பகுதியின் கேள்வியையே இங்கும் கேட்டிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமிருந்திராது.

மரபுத் தொடர்களுக்கான பகுதி இன்னும் ஏமாற்றமானது. ‘இலவு காத்த கிளி போல’ என்பதற்கு எதிரே ‘ஏமாற்றம்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. இலவங்காய் பழுத்துக் கனியாவதில்லை, முற்றியதும் வெடித்துப் பஞ்சாகிவிடும் என்ற செய்தி இல்லாவிட்டால் கிளி ஏன் ஏமாந்தது என்று ஒரு பிள்ளை எவ்வாறு அறியும்? ‘அத்தி பூத்தாற் போல’ என்பதும் அப்படியே. அத்திப் பூக்கள் காய் போன்ற உறைக்குள்ளே பூத்துக் கண்ணுக்கு மறைந்திருப்பதாற்றான் அரிய நிகழ்வுக்கு அது உவமையாயிற்று. இவ்விரண்டு வரிகளை அட்டையின் பின்புறத்தில் அச்சிட எவ்வளவோ இடம் வெறுமையாகக் கிடக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு மனப்பாடம் போதும் என்று கருதினார்கள் போலும்.

அட்டையின் தரத்தில் குறையில்லை. சிறு கைகள் பலமுறை கையாண்டும் ஓரங்கள் மடியவில்லை. எழுத்துகளும் போதிய அளவு பெரியவை. பயிற்சிப் புத்தகமொன்றை விட விலை சற்றுக் கூடுதலெனினும், முதற்பகுதிக்காகவும் இணைப்பு அட்டைகளுக்காகவும் மட்டுமே இதனை வாங்கலாம். சிவப்பெழுத்து அட்டைகளைப் பெட்டியிலேயே விட்டுவிடுவது நல்லது. அடுத்த பதிப்பில் நான்கு நிற மூலைகள் கொண்ட வெற்று அட்டைகளையும் சேர்க்குமாறு பதிப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் சொல்லும் உவமைகளை எழுதிவைப்பதற்கு நாங்கள் பழைய கலண்டர் மட்டைகளை வெட்டிப் பயன்படுத்துகிறோம். அவற்றின் எண்ணிக்கை இப்போது பெட்டியிலுள்ள அட்டைகளையும் மிஞ்சிவிட்டது.