அல்சூரில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள இந்தச் சிறிய ஆய்வகத்தில், இரத்தம் எடுக்கும் முன்பே காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்கிறார்கள். டெங்குவுக்கு ஏறத்தாழ முதல் 5 நாட்களில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனையும், அதன் பிறகு உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனையுமே பெரிதும் பயன்படும் என்பதால், இந்த ஒரு கேள்வியே வீண்செலவைத் தவிர்த்துவிடுகிறது. எலைசா என்ற ஆய்வக முறையிலான இவ்விரண்டுக்கும் கர்நாடக அரசு 2024இல் தலா 300 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. இங்கே அதற்கு மேல் வாங்கவில்லை. சில நிமிடங்களில் முடிவு தரும் அட்டைச் சோதனையில் நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லையென உறுதியாகச் சொல்ல இயலாது என்பதை, அங்கிருந்த பெண்மணி என் தாயாருக்குத் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். டைபாய்டுக்கு மட்டும், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் செய்யவேண்டிய, இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் இரத்தக் கல்ச்சரை விட்டுவிட்டு, நம்பகம் குறைந்த வைடால் சோதனையையே இன்னமும் முன்வைப்பது ஏமாற்றமளிக்கிறது. காத்திருக்கும் இடமும் குறுகல்தான்.