181 மகளிர் உதவி எண்: அக்காவுக்காக நான் அழைத்த அனுபவம்

போன வருடம் கத்திரி வெயிலில் வேலூரே கொதித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா குடியாத்தத்திலிருந்து முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா எதுவும் கேட்காமல் மோர் கொடுத்தார். நான்தான் கையைப் பிடித்துப் பார்த்தேன். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள், அப்புறம் பேசவே இல்லை.

எங்கள் வீட்டில் இதற்கு இருந்த ஒரே மருந்து "அனுசரிச்சுப் போம்மா, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்பதுதான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்க எடுத்தால், அடிபட்ட பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி கேட்டதும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. அக்காவும் ஆறு வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

முதலில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம், எது என்று சொல்லப் போவதில்லை. "நீ என்னம்மா செஞ்ச?" என்றுதான் அங்கே ஆரம்பித்தார்கள். புருஷன் பொண்டாட்டி சண்டை, பேசித் தீர்த்துக்கோங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடியிலிருந்து 181-ஐ அழைத்தேன். 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. எடுத்த பெண் எதற்கும் முன்னால் "இப்ப அவங்க பத்திரமா இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஆறு வருடமாக எங்களிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொன்னாள்.

அங்கிருந்து மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொன்னார்கள். ஆலோசனை, மருத்துவம், போலீஸ், வக்கீல் எல்லா உதவிக்கும் அங்கேயே ஏற்பாடு செய்கிறார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் சில நாள் தங்கவும் செய்யலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார், அவர் நடந்ததை எழுதி வாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த விவாகரத்து கேட்க வேண்டியதில்லை, புகார் கொடுத்தாள் என்பதற்காக அவளை அந்த வீட்டை விட்டுத் துரத்தவும் முடியாது. பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில் அக்கா வாங்கும் சம்பளத்தை ஏடிஎம் கார்டோடு அவள் கணவர் பிடுங்கி வைத்திருந்தாரே, அதுவும் வன்முறைக் கணக்கில்தான் வருகிறது. இலவச சட்ட உதவியில் வக்கீல் கிடைத்தார், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை.

குறை என்றால் வாய்தாதான். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எங்களுக்கு எட்டு மாதம் ஆனது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்காவுக்கு ஒரு நாள் கூலி போனது. இன்னொரு விஷயம், அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் தயவுசெய்து வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். சொன்னதுதான் பதிவேட்டில் ஏறும். அக்கா முன்பு ஒருமுறை அப்படிச் சொன்னதைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வக்கீல் எங்களை மடக்கப் பார்த்தார்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டது. அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை. கார்டு அக்கா கையில் இருக்கிறது.

போன வாரம் கம்பெனியில் பக்கத்து மேஷின் பெண் அந்த எண்ணைக் கேட்டாளாம், தங்கச்சிக்கு என்று. அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு, "ராத்திரியிலயும் எடுப்பாங்க" என்றாளாம்.