நீரிழிவுச் சிறுநீரக நோய்: சீன மூலிகையா, வழக்கமான மருந்தா?

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கினால், பெரும்பாலும் சிறுநீரில் அல்புமின் புரதம் கசியும். அதைக் குறைக்க இரண்டு பக்கமும் மருந்து உண்டு. ஆனால் புரதம் குறைவது வேறு, டயாலிசிஸ் தள்ளிப்போவது வேறு.

வழக்கமான மருந்துகள் இரண்டையுமே காட்டியிருக்கின்றன. ரத்த அழுத்த மருந்தான லோசார்டன் 2001-லேயே காட்டியது. 2019-இல் 4,401 பேரிடம் நடந்த கிரெடென்ஸ் ஆய்வில், சர்க்கரை மருந்தான கானாகிளிஃப்ளோசின் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட முக்கியப் பாதிப்புகளின் அபாயத்தை 30 சதவீதம் குறைத்தது. அப்புறம் ஃபினரெனோன், செமாகுளூடைட் வந்தன. பக்கவிளைவு இல்லாமல் இல்லை. லோசார்டனிலும் ஃபினரெனோனிலும் பொட்டாசியம் ஏறலாம். அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சீன மருத்துவத்தில் அதிகம் பேசப்படுவது ஹுவாங் சி எனும் அஸ்ட்ராகலஸ் வேர். புரதக் கசிவு குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, சில மாதங்களே நடந்தவை, வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தவை. லெய் கோங் தெங் கொடியும் புரதத்தைக் குறைக்கும். ஆனால் கல்லீரலையும் கருவுறும் திறனையும் கெடுக்கக்கூடும்.

எனக்குப் பெரிய பயம், சில மூலிகைகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நச்சுதான். 1990-களின் தொடக்கத்தில், பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதில் இந்த அமிலம் உள்ள வேறொன்று கலந்துவிட்டதுதான் காரணம். ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் அதைத் தாங்குமா?

அஸ்ட்ராகலஸ் எடுக்க விரும்பினால், சிறுநீரக மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். லோசார்டனை நிறுத்திவிட்டு மட்டும் வேண்டாம்.