இலை காலியானால்தான் ஆளை விடும் ஃபிளிங்க்

நான்கு ஆண்டுகளாக லாரிகளின் ஜிபிஎஸ் தரவை, ஓயாமல் வரும் தரவைப் பல சர்வர்களில் பிரித்து உடனுக்குடன் கணக்கிடும் மென்பொருளான அப்பாச்சி ஃபிளிங்க்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் மற்ற வித்தைகளைப் பலரும் புகழ்ந்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு அது தரவுச் சரக்கை அனுப்பும் நேர்த்தி.

இரண்டு சர்வர்களுக்கு இடையே ஒரே டாஸ்க்கின் (வேலையின் ஒரு கட்டம்) பல சப்டாஸ்க்குகள் (அந்தக் கட்டத்தை இணையாகச் செய்யும் பிரதிகள்) ஒற்றை டிசிபி இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. பழைய பதிப்புகளில் இதில் ஒன்று தூங்கினாலும் மொத்த இணைப்பும் அடைத்துக்கொள்ளும். வேகமாக உண்பவனும் பட்டினி கிடப்பான். 2018இல் வந்த 1.5 பதிப்பு இதைக் கல்யாணப் பந்தியாக்கிவிட்டது. எத்தனை இலை காலி என்று வாங்கும் பக்கம் முதலில் சொல்லவேண்டும். அத்தனை பேரைத்தான் அனுப்பும் பக்கம் உள்ளே விடும். இலை என்றால் இங்கே தரவைத் தற்காலிகமாக வைக்கும் 32 கிலோபைட் பஃபர். அனுப்பும் ஒரு சப்டாஸ்க்கிலிருந்து வாங்கும் ஒரு சப்டாஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு தடத்துக்கும் 2 சொந்தமாக உண்டு. கூட்டம் அதிகமான தடம் எடுத்துக்கொள்ள 8 பொதுவில் இருக்கும்.

பஃபர் நிரம்பியதும் கிளம்பிவிடும். நிரம்பாவிட்டாலும் 100 மில்லிவினாடிக்குமேல் காத்திருக்காது. கடிகாரம் பார்த்து வண்டியெடுக்கும் ஷேர் ஆட்டோக்காரரை நான் இதுவரை கண்டதில்லை!

கணக்கில் கோட்டைவிட்டது நான்தான். இணைநிலையை, அதாவது ஒரு டாஸ்க்குக்கான சப்டாஸ்க்குகளின் எண்ணிக்கையை, 16இலிருந்து 64 ஆக்கினேன். நான்கு மடங்குதானே என்ற நினைப்பு. கீபை (ஒரே சாவியுள்ள பதிவுகளை ஒரே சப்டாஸ்க்குக்கு அனுப்பும் கட்டளை) போட்டால் எல்லோரும் எல்லோரோடும் பேசவேண்டும். 256 தடங்கள் 4,096 ஆகிவிட்டன. நெட்வொர்க் பஃபர் போதவில்லை என்று வேலை தொடங்கவே மறுத்தது. நினைவகத்தை உயர்த்திய பிறகுதான் அசைந்தது. இன்னொரு பிழையும் என்னுடையதே: பதிவின் வடிவத்தைச் சொல்லும் என் கிளாஸில், அதை உருவாக்க உதவும் அளவுரு இல்லாத பொது கன்ஸ்ட்ரக்டர் வைக்க மறந்துவிட்டேன். ஃபிளிங்க் பிழை காட்டி நிற்காமல், எந்த வகைத் தரவையும் பைட்டுகளாக்கும் பொதுக் கருவியான கிரையோவுக்குத் தாவியது. ஒவ்வொரு பதிவும் பருத்துப்போய்த்தான் கம்பியில் ஏறியது. இப்படிக் கிரையோவிடம் போகும் வகைகளைத் தடைசெய்யும் அமைப்பை இயக்கியிருந்தால் முதல் நாளே பிழை காட்டியிருக்கும்.

ஒரு குறை சொல்லவேண்டும். 2021இன் 1.14 பதிப்பில், வழியில் தேங்கும் தரவைச் சுமார் 1 வினாடிக்குள் முடிகிற அளவுக்குத் தானே சுருக்கும் வசதி வந்தது. நெரிசலிலும் செக்பாயின்ட் (பழுது வந்தால் மீள, நிலையை அவ்வப்போது சேமிப்பது) விரைந்து முடிய அது பெரிய உதவி. ஆனால் நாமாக இயக்காவிட்டால் அது அணைந்தே கிடக்கும். இத்தனை நல்ல சரக்கை ஏன் பரணில் வைத்தார்களோ!

ஒரே சர்வரில் முடிகிற வேலை என்றால் இதன் பக்கம் போகவேண்டாம். பத்து சர்வர்களுக்குமேல் என்றால், நிறுவும் முன்பே தாளும் பேனாவும் எடுத்துத் தடங்களை எண்ணிவிடுங்கள்.