தமிழ்த் தளத்துக்கு எந்த எழுத்துரு: நோட்டோ, முக்தா மலர், கேட்டமரான், அனேக்

எழுத்துருவே ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் வரும். விண்டோஸில் நிர்மலா யுஐ, விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் லதா. ஆப்பிள் கருவிகளில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் சங்கம் எம்என். எதையும் இறக்க வேண்டியதில்லை, பக்கம் சட்டென்று திறக்கும். விண்ணப்பப் படிவம், கட்டண ரசீது போன்ற பக்கங்களுக்கு இதுவே போதும்; மெதுவான இணைப்பில் அவசரமாக வருபவரை எழுத்துருவுக்காகக் காக்க வைக்கக் கூடாது.

ஆனால் மக்கள் உட்கார்ந்து வாசிக்கும் தளத்துக்கு இது போதாது. ஒரே பத்தி ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு உயரத்தில், ஒவ்வொரு இடத்தில் மடியும். ஒரு கருவியில் அளவாகப் பொருந்திய பொத்தான், இன்னொன்றில் எழுத்தைப் பிதுக்கித் தள்ளும்.

கட்டுரை உடலுக்கு என் தேர்வு முக்தா மலர். மும்பையின் ஏக் டைப் குழு செய்தது. 200 முதல் 800 வரை ஏழு தடிமன்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, சாய்வெழுத்துப் பழக்கமும் இல்லை. அழுத்தம் காட்ட நமக்கு இருப்பது தடிமன் மட்டும்தான். அதனால் தடிமன்களின் தரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'பெண்ணியம்' என்ற சொல்லை 15 பிக்சலில், போல்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு 'ண' அடுத்தடுத்து வருகின்றன, முதல் ணகரத்தின் தலையில் புள்ளி. சுழிகள் அடைபடாமல், புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் நின்றால் அந்த எழுத்துரு தேறியது. முக்தா மலர் இதில் நன்றாகவே நிற்கிறது. மீரா இனிமை எனக்குப் பிடித்த வடிவம், ஆனால் ஒரே தடிமன்தான் உண்டு. போல்ட் கேட்டால் உலாவி தானாகவே கோட்டைத் தடிக்க வைக்கும். ணகரச் சுழி அங்கேதான் அடைபடும்.

நோட்டோ சான்ஸ் தமிழில் குறையென்று பெரிதாக ஒன்றுமில்லை. 100 முதல் 900 வரை தடிமன், 62.5 சதவீதம் வரை அகலக் குறுக்கம், பிற மொழிகளோடு இயல்பான இணக்கம். பல மொழிகளில் வரும் தளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தமிழ் மட்டும் உள்ள தளத்துக்கு நான் தயங்குவதற்குக் காரணம் வேறு: ஆண்ட்ராய்டு வாசகரின் கையில் ஏற்கெனவே இருப்பதையே மறுபடி இறக்கச் சொல்கிறோம், தளத்துக்கென்று தனி முகமும் கிடைப்பதில்லை.

பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரானில் தமிழும் லத்தீனும் சேர்ந்தே வரையப்பட்டவை. ஒன்பது தடிமன்கள். வளைவுகளில் ஒரு துள்ளல் இருக்கிறது. உணவகம், குழந்தைகள் செயலி, நிகழ்ச்சி அறிவிப்பு என்றால் அழகு. ஆயிரம் சொல் கட்டுரையில் அந்தத் துள்ளலே கண்ணை இழுக்கும்.

தலைப்புக்கு அனேக் தமிழ். இதுவும் ஏக் டைப்பின் படைப்பே, 2022இல் வந்தது. மாறும் எழுத்துரு என்பதால் ஒரே கோப்பில் தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 சதவீதம் வரை நகரும். நம் மொழிக்கு இந்த அகலம் எவ்வளவு தேவை என்பது கைபேசியில்தான் தெரியும். 'நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது' என்ற ஒற்றைச் சொல்லை 28 பிக்சலில் இட்டால் 360 பிக்சல் அகலத் திரையில் ஓரம் விட இடமிருக்காது. எழுத்தளவைக் குறைத்தால் தலைப்பின் கம்பீரம் போய்விடும், சொல்லை உடைத்தால் வாசிப்பு போய்விடும். அகலத்தை மட்டும் 80க்கு இறக்கினால் இரண்டும் பிழைக்கும். நோட்டோவும் குறுகும், இன்னும் அதிகமாகவே குறுகும். ஆனால் அனேக்கின் குறுகிய வடிவத்தில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதில்லை.

எதைத் தேர்ந்தாலும் வரி உயரத்தை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் உயரத்தை வைத்திருக்கிறது, அதை நம்பினால் எழுத்துரு மாறும்போது பக்கமே குலுங்கும். உடலுக்கு எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு வைக்கிறேன், மேலே ஏறும் 'கீ'யின் சுழிக்கும் கீழே இறங்கும் 'ழூ'வின் வாலுக்கும் நடுவே மூச்சுவிட இடம் வேண்டும். இந்த நான்கிலும் சாய்வு வடிவம் இல்லை, எனவே உலாவி போலியாகச் சாய்ப்பதை சிஎஸ்எஸ்ஸின் ஃபான்ட்-சிந்தெசிஸ் (font-synthesis) கட்டளையால் நிறுத்திவிடுங்கள். அதேபோல ஃபான்ட்-டிஸ்ப்ளே (font-display) கட்டளைக்கு ஸ்வாப் (swap) என்று கொடுத்தால் முக்தா மலர் வந்து சேரும்வரை கருவியின் சொந்த எழுத்திலேயே வாசகர் படிக்கத் தொடங்கிவிடலாம்.